நீ பார்த்தது என் காலை அல்ல

மகன், ஸலாம் சொல்லித் தொடங்குகிறேன். சுகமா என்று கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ சுகம் என்றுதான் சொல்வாய். உனக்கும் பிரஷர் குளிசை தொடங்கியிருக்கிறது என்பதை உன் மனைவி வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சொன்ன பிறகு அவள் பட்ட பாடு ஃபோனிலேயே கேட்டது. "உம்மா, அவர்கிட்ட நான் சென்னன் எண்டு செல்ல வாணாம்" என்றாள். நான் சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், அது வேறு. இந்த வயதில் உனக்கு எதற்குப் பிரஷர் என்று கேட்கமாட்டேன். கத்தார் வெயிலில் கட்டடத்துக்குக் கட்டடம் ஓடுகிறவனுக்கு வராமல் வேறு யாருக்கு வரும். நீயும் எனக்கு வைத்துத் தந்த மாதிரியே ஃபோனில் ஒரு டொக்டரைப் பிடித்து, ஃபோனிலேயே மாதாமாதம் மருந்தைப் புதுப்பித்துக்கொள்கிறாய் என்றும் அவள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்துதான் இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை ஏன் ஊரார் வாசிக்கிற மாத இதழுக்குக் கொடுக்கிறீர்கள் என்று உனக்குக் கோபம் வரலாம். வரட்டும். நான் அனுப்பும் நீளமான செய்திகளை நீ முழுக்க வாசிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும், முப்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் மேய்த்த டீச்சருக்கு யார் வாசித்தார் யார் வாசித்ததாகத் தலையாட்டினார் என்பது தெரியாமல் போகுமா. அச்சில் வந்தால் யாராவது படம் பிடித்து உனக்கு அனுப்புவார்கள், அப்போது வாசித்துத்தான் ஆகவேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. நம் கெலிஓயாவில் என்னைப் போல எத்தனையோ உம்மாமார் இருக்கிறார்கள். ஒருத்தியின் மகன் தோஹாவில், இன்னொருத்தியின் மகள் மெல்பர்னில். எல்லார் கையிலும் பிள்ளைகள் வாங்கித் தந்த ஃபோன், எல்லார் மேசையிலும் பிள்ளைகள் அனுப்பிய பிரஷர் பார்க்கும் இயந்திரம். அவர்களும் வாசிக்கட்டும். மஹய்யாவையில் இருக்கிற என் பழைய சிநேகிதி, அவளும் டீச்சராக இருந்தவள்தான், "எழுதுங்க டீச்சர், எங்க வீட்டுக் கதையும் அதேதான்" என்று சொல்லிவிட்டாள்.

உன் வாப்பா மௌத்தாகி நீ வந்து நின்ற நாட்களை நினைத்துப் பார். மையத்தை அடக்கிவிட்டு வந்த அன்றைக்கே நான் இத்தாவுக்குள் போய்விட்டேன். நம் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காக எழுதுகிறேன். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து வீட்டோடு இருப்பாள், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டாள், அலங்காரம் எதுவும் செய்யமாட்டாள். அதுவரை மாதத்துக்கு ஒரு தடவை வாப்பாதான் என்னைக் கண்டிக்குக் கூட்டிப்போய் டொக்டரிடம் காட்டி, குட்ஷெட்டுக்குப் பக்கத்து பாமசியில் மருந்து எடுத்துத் தருவார். இனி அது நடக்காது என்று உனக்கு ஒரே யோசனை. உனக்கு லீவு முடிகிறது. நீ இரண்டு நாள் ஃபோனும் கையுமாக இருந்து, "உம்மா, எல்லாம் சரி. நீங்க வீட்ட விட்டு எறங்கவே தேவல்ல. டொக்டர் ஃபோன்ல வருவார், மருந்து பார்சல்ல வரும், நீங்க குடிச்சா இல்லயா எண்டு எனக்கு அங்க தெரியும்" என்று சொன்னாய். விலையும் குறைவு, கண்டிக்குப் போய்வரும் செலவை விடவும் குறைவு என்றாய். நீ அதைச் சொன்னபோது உன் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்து எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று சொல்லமாட்டேன்.

நல்லதை நல்லது என்றே சொல்ல வேண்டும். அந்த ஏற்பாடு கெட்டதல்ல. காலையில் ஃபோன் ஒரு சத்தம் போடும், நான் குளிசையைக் குடித்துவிட்டுத் திரையில் ஒரு பச்சைப் பொட்டைத் தொடுவேன். இயந்திரத்தைக் கையில் சுற்றிப் பிரஷர் பார்த்து இலக்கத்தைப் போடுவேன். அது அப்படியே உனக்கு வந்துவிடும். மாதம் ஒரு தடவை டொக்டர் திரையில் வந்து நாலு கேள்வி கேட்பார், மருந்து மூன்றாம் நாள் வாசலுக்கு வரும். பஸ்ஸில் இடிபடத் தேவையில்லை, டொக்டரின் அறைக்கு வெளியே வாங்கில் காத்துக்கிடக்கத் தேவையில்லை. ஆனால் இதற்கு முன் நீ ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஃபோன் எடுத்து, "உம்மா, மருந்து குடிச்சீங்களா" என்று கேட்பாய். அந்தக் கேள்வியோடு தொடங்கி, உனக்குச் சோறு இறங்கியதா, பேரப்பிள்ளை என்ன செய்கிறான் என்று போகும். பச்சைப் பொட்டு வந்த பிறகு உனக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. கேள்வி போனதோடு ஃபோனும் போனது. வாரத்துக்கு ஒன்றானது, பிறகு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஜும்ஆ ஒரு வாழ்த்துப் படம் ஆனது. நான் கணக்குப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. வாப்பாவும் இல்லாத வீட்டில் பின்னேரம் எவ்வளவு நீளம் என்பது உனக்குத் தெரியாது, அதுதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். முதல் தடவை டொக்டர் வரும் நேரம் எனக்குக் கையும் காலும் ஓடவில்லை. திரையில் வரப்போவது ஆண். பெண் டொக்டர்தான் வேண்டும் என்றால் கொஞ்சம் கூடக் கொடுக்க வேண்டும் என்று அதில் போட்டிருந்தது, உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. மௌலவியின் மனைவியிடம் கேட்டேன். "மருந்துக்காகப் பேசுறதுக்குத் தடையில்ல டீச்சர், அவசியத்துக்குக் கூடும்" என்று தெளிவாகச் சொன்னாள். ஆகவே மார்க்கத்தின் மேல் பழி போட எனக்கு வழியில்லை. வெட்கம் என்னுடையது, பிடிவாதமும் என்னுடையது. பக்கத்து வீட்டிலிருந்து உன் பரீதா மாமியைக் கூப்பிட்டு ஃபோனை அவள் கையில் கொடுத்து, நான் அறைக் கதவுக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டேன். அவள் எனக்காகப் பேசுவாள் என்பதுதான் ஏற்பாடு. டொக்டர் வந்தார், என் பெயரைச் சொல்லி, "நீங்கதானே" என்று கேட்டார். வாப்பாவின் தங்கை எவ்வளவு வாயாடி என்பது உனக்குத் தெரியும். ஆனால் அன்றைக்கு அவளுக்கு நடுக்கம் பிடித்து, "ஓ" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அந்த ஒரு "ஓ"வோடு என் பெயரும் என் நோயும் அவளுக்குப் போய்விட்டன. அவர் கேட்டதும் அவள் கதவுப் பக்கம் திரும்பிப் பார்ப்பாள், நான் மெல்லச் சொல்லுவேன், அவள் திரும்ப ஒப்புவிப்பாள். "பின்னுக்கு யார் பேசுறது" என்று அவர் கேட்டதற்கு, "அது என்ட மச்சி, அவங்களுக்குக் கொஞ்சம் மனசு சரியில்ல" என்று சொன்னாளே பார். ஃபோன் முடிந்ததும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வாப்பா போன பிறகு நான் முதல் தடவை சிரித்தது அன்றைக்குத்தான்.

பிரஷர் இலக்கம் பொய்யில்லை, அது என் கையில் பார்த்தது. இலக்கம் கூடியிருந்ததால் அந்த டொக்டர் குளிசையை மாற்றி அளவையும் கூட்டினார். கொஞ்ச நாளில் பின்னேரமானால் என் கணுக்கால் கனக்கத் தொடங்கியது. பிறகு பாதமும் வீங்கியது. வெள்ளை உடுப்பு நிலத்தைத் தொடுகிறது, நான் எங்கேயும் போவதுமில்லை, யார் கண்ணுக்கும் அது படவில்லை. அடுத்த மாதம் திரையில் வந்தது வேறொரு டொக்டர். குறைந்த விலைக்கு அப்படித்தான், யார் கையில் நேரம் இருக்கிறதோ அவர் வருவார். அவர் கெட்டிக்காரர். எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "இந்த மருந்துக்குச் சிலருக்குக் கால் வீங்கும், காலைக் காட்டுங்க" என்றார். மீண்டும் பரீதாதான் முன்னால் உட்கார்ந்திருந்தாள், ஒருமுறை நான் என்று சொல்லிவிட்ட பிறகு வேறு யாரை உட்கார வைப்பது. அவள் யோசிக்கவே இல்லை. ஃபோனைக் கீழே பிடித்துத் தன் காலைத் தூக்கிக் காட்டிவிட்டாள். நல்ல ஒடிசலான கால். அதில் அக்குறணையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய் இட்டுக்கொண்டு வந்த மருதோண்டி, விரல் நுனியெல்லாம் சிவந்து, பாதத்தைச் சுற்றிக் கொடியாக ஓடிக்கொண்டிருந்தது. "வீக்கம் ஒண்டும் இல்ல, நல்லா இருக்கு" என்று சொல்லி அவர் அதைப் படமும் பிடித்து ரிப்போட்டில் போட்டார். கதவுக்குப் பின்னால் இருந்த நான் என் காலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். அந்த நேரம் வாயைத் திறந்திருந்தால் பரீதாவுக்கு அவமானம், எனக்கு அதைவிட அவமானம் என்று நினைத்தேன். என் கால் வீங்கியிருக்கிறது என்று அவளுக்கும் தெரியாது.

மகன், அந்தப் படம் உனக்கும் வந்தது. நீ பார்த்தாய், பார்த்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடும் விழுந்தது. அன்று அஸர் தொழுதுவிட்டு ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது கூப்பிடுவான், "உம்மா, இது யார்ட கால்" என்று கேட்பான், நான் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அவன் ஏசுவான், பிறகு சிரிப்பான் என்று நினைத்தேன். இத்தாவில் இருக்கிறவளின் காலில் மருதோண்டி எப்படி வந்தது என்று ஒரு முஸ்லிம் பிள்ளை கேட்காமல் இருப்பானா. என் கால் பெருத்த கால், கடைசி விரல் மடிந்து அடுத்த விரலின் கீழே ஒளிந்திருக்கும். நீ தவழ்ந்த காலத்தில் அந்த விரலைப் பிடித்து இழுத்துத்தான் விளையாடுவாய். மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் உன் பதில் வந்தது. பெருவிரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படமும், "மாஷா அல்லாஹ், கால் நல்லா ஈக்கி" என்று ஒரு வரியும். எனக்கு வந்த கோபத்தை நான் எழுதினால் இதழ்க்காரர்கள் வெட்டிவிடுவார்கள். கோபம் போன பிறகு வந்ததுதான் பெரிய கஷ்டம். இந்த உலகத்தில் என் காலை அடையாளம் தெரிந்த ஒரே ஆள் மண்ணுக்குள் போய்விட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அழுதேன். அழுதுவிட்டுப் பச்சைப் பொட்டைத் தொட்டேன்.

நான் ஒரு பிள்ளையை எப்படிப் பார்த்தேன் என்று உனக்குச் சொல்ல வேண்டும். யுத்த காலத்தில் கண்டியில் குண்டு வெடித்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும், நீ அப்போது அங்கே பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். வாப்பா வேலை செய்த புடவைக் கடையும் டவுனில்தான். பஸ் இல்லை, ஃபோன் இல்லை, ஒரு செய்தியும் இல்லை. அந்த நாட்களில் வாப்பா பஸ்ஸில் என்னோடு தமிழில் பேசவே மாட்டார், சாவடியில் இறக்கிச் சோதிப்பார்கள் என்ற பயம், நாங்கள் எந்தப் பக்கத்து ஆட்கள் என்று கேட்டு விளங்கிக்கொள்ளும் நிதானம் அங்கே யாருக்கும் இருக்காது. அன்று அவர் உன்னைப் பள்ளிக்கூடத்தில் போய் எடுத்துக்கொண்டு, பேராதனைப் பாலத்தைக் கடந்து, கெலிஓயா வரை நடத்தியே கூட்டி வந்தார். படலையில் நின்ற நான் உங்களைக் கண்டதும் எதுவும் கேட்கவில்லை. நீதான், "ஒண்டும் இல்ல உம்மா, நல்லா வந்த" என்று பெரிய மனுஷன் மாதிரிச் சொன்னாய். நான் உன்னைப் படியில் உட்கார வைத்துச் சப்பாத்தைக் கழற்றினேன். உள்ளே போட்டிருந்த மேஸ் கொப்புளத்தோடு ஒட்டிப்போயிருந்தது. சுடுதண்ணீரில் உப்புப் போட்டு ஊறவைத்து மெல்ல மெல்ல உரித்தெடுத்தேன், நீ பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாய். கேட்டிருந்தால் நீ அந்தக் காலோடு விளையாடப் போயிருப்பாய். கேட்டு அறிகிறது ஒன்று, பார்த்து அறிகிறது இன்னொன்று என்று நான் பாடம் எடுக்க வரவில்லை. பிள்ளைகளும் சரி, வயதானவர்களும் சரி, நோவைப் பற்றிக் கேட்டால் பொய்தான் சொல்வார்கள்.

யுத்தம் முடிந்தது, இனி நிம்மதி என்று எல்லாரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு இந்தக் கலவரம் எங்கள் பக்கத்துக்கே வரும் என்று யார் நினைத்தது. நான் இத்தாவில் இருக்கும்போதுதான் அது வந்தது. கண்டிக்கு அந்தப் பக்கம் நம் ஆட்களின் கடைகளும் பள்ளிவாசலும் எரிகின்றன என்று செய்தி வந்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள், ஃபோனில் இணையத்தையும் நிறுத்திவிட்டார்கள். டொக்டர் வரும் திரை வெறும் வெள்ளையாக நின்றது. வரவேண்டிய மருந்துப் பார்சல் எங்கேயோ கிடந்தது. டப்பாவில் இருந்த குளிசைகளைப் பாதி பாதியாக உடைத்துக் குடித்தேன், அப்படிச் செய்யக் கூடாது என்று இப்போது தெரியும். ஒரு பின்னேரம் பள்ளிவாசல் பொடியன்மார் ஒழுங்கையில் வந்து, பெண்கள் யாரும் தனியாக இருக்க வேண்டாம், கூட்டம் ஒன்று லொறியில் வருகிறதாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பரீதா ஓடி வந்தாள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை பள்ளிவாசலில் காவலுக்கு நின்றார். நான் போகமாட்டேன் என்றேன். "இத்தாவுல ஈக்கிற நான் எந்த வீட்டுக்குப் போற" என்று கேட்டேன். "உசுரு போற நேரத்துல என்னத்த மச்சி பேசுறீங்க" என்று அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பின் வேலிக்கு அந்தப் பக்கத்து சோமா டீச்சரை உனக்குத் தெரியும், என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் சிங்களம் படிப்பித்தவர். அவர் வேலியில் இரண்டு தகரத்தைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டு, "டீச்சர், யோசிக்க வேணாம், எங்க வீட்டுக்கு வாங்க. மாத்தயா உள்ளுக்கு வரமாட்டார், நான் அவருக்குச் சொல்லியாச்சு" என்று தன் கணவரைக் காட்டிச் சொன்னார். நான் செருப்பைப் போடப் பார்த்தேன். கால் அதற்குள் போகவில்லை. வாப்பாவின் பெரிய செருப்பைப் போட்டேன், அதற்குள்ளும் போகவில்லை. உடுப்பைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு வேலியைக் கடக்க வெளிக்கிட்டபோதுதான் பரீதா என் காலைக் கண்டாள். "மச்சி, இது எப்ப எருந்து? ஏன் எனக்கிட்ட செல்லல்ல?" என்றாள். "செல்லி என்ன செய்ற பரீதா. படத்துல ஈக்கிற கால் நல்லாத்தானே ஈக்கி" என்றேன். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவள் என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். சோமா டீச்சர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக என்னைத் தாங்கிக்கொண்டு போனார்கள். மாத்தயா தன் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய்ப் படலையில் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைப் பார்த்தபடி இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வரவில்லை, கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், எங்கள் ஒழுங்கைக்கு யாரும் வரவில்லை.

நீ அந்த நாட்களில் சாதாரண லைனில் எடுத்துப் பேசினாய், அதை மறந்துவிட்டு எழுதினால் நான் நன்றி கெட்டவள். "கதவப் பூட்டிக்கொண்டு உள்ளுக்கே ஈங்க உம்மா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் பத்திரமாக இருக்கிறேன் என்றேன், அது உண்மை. காலைப் பற்றிச் சொல்லவில்லை. கடல் கடந்து இருக்கிறவனை எரிகிற ஊரின் பயத்தோடு இதையும் சேர்த்துப் போட்டு வதைப்பானேன் என்று விட்டுவிட்டேன். பிறகு இணையம் வந்தது. வந்ததும் உன்னிடமிருந்து வந்த முதல் செய்தி என்ன தெரியுமா. "உம்மா, கொஞ்ச நாளா மருந்து குடிச்சதா காட்டல்ல. ஏன்?" என்று. பரீதாவின் மாப்பிள்ளை கெலிஓயா பாமசியில் பழைய மருந்துத் துண்டுச்சீட்டைக் காட்டிக் குளிசை வாங்கித் தந்தார், பச்சைப் பொட்டு மறுபடி வரத் தொடங்கியது, உன் கேள்வியும் நின்றது. பரீதா இனித் திரைக்கு முன்னால் உட்காரமாட்டேன் என்று பள்ளிவாசல் பக்கம் கையைக் காட்டிச் சத்தியம் செய்துவிட்டாள். நானும் உட்காரவில்லை. அதில் இன்னொரு வசதி இருக்கிறது, பேசாமலே பழைய மருந்தைத் தொடரலாம், ஒரு இடத்தைத் தொட்டால் போதும். தொட்டேன். மருந்து வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. என் கால் வீங்கியபடியே இருந்தது.

இத்தா முடிகிற நாளுக்கு வருவேன் என்று சொல்லியிருந்தாய். நான் உனக்காக அலுமாரியில் இருந்த பாயையும் விரிப்பையும் வெயிலில் போட்டு எடுத்தேன். அதற்கு முந்திய வாரம், "ரிப்போட் எல்லாம் நல்லா ஈக்கி தானே உம்மா, லீவும் கஷ்டம், ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பார்ப்போம்" என்றாய். இப்போது அதுவும் இல்லை, அடுத்த வருஷம் என்கிறாய். நல்ல ரிப்போட் கொடுத்த மருதோண்டிக் காலுக்கு உன்னை வரவிடாமல் தடுக்கும் அளவுக்கு வல்லமை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குற்றம் உன்னுடையது மட்டும் என்று சொல்லமாட்டேன். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது நான்தான். ஆனால் மகன், உனக்கு ஒன்று சொல்கிறேன், நீயும் இப்போது அந்தத் திரையின் முன்னால் உட்காருகிறவன் என்பதால் சொல்கிறேன். எந்த டொக்டரிடம் உன் உடம்பைக் காட்ட உனக்குக் கூச்சம் இல்லையோ அவரைத் தேடிப் பிடி, அதற்குக் கொஞ்சம் கூடச் செலவானாலும் பரவாயில்லை. வாயால் கேட்டதற்கு வாயால் பதில் சொல்லிவிட்டு எழும்பிவிடாதே. புது மருந்து உடம்பில் எதையாவது மாற்றினால், அது எவ்வளவு சின்னதானாலும், சொல். பேசாமல் தொடரும் அந்த இடத்தை மட்டும் தொடாதே. உன் மனைவியிடம் மறைக்காதே, அவள்தான் உன் காலை ஒவ்வொரு நாளும் காண்கிறவள்.

இத்தா முடிந்த அடுத்த கிழமை நானே திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன். கதவு திறந்திருந்தது, பின்னால் யாரும் இல்லை. வந்தது ஒரு இளம் டொக்டர், ஹட்டன் பக்கத்துப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது. என் முகத்தைப் பார்த்தார், இலக்கங்களைப் பார்த்தார். "காலக் கொஞ்சம் காமிங்கம்மா" என்றார். காட்டினேன். அவர் வேறு எதையோ தேடிப் பார்த்துவிட்டு, "அம்மா, இதுல பழைய படம் ஒண்ணு இருக்கு. அது உங்க கால் இல்லையே" என்றார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "எப்பிடித் தெரியும்" என்று கேட்டேன். "விரலப் பாத்தாலே தெரியுதே, உங்களுக்குக் கடைசி விரல் மடிஞ்சி இருக்கு" என்றார். முன்பின் தெரியாத பிள்ளை, கண்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டது. எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. "எங்கம்மாவும் இப்படித்தான், எதையும் காமிக்க மாட்டாங்க" என்று மட்டும் சொன்னார். அந்தக் குளிசையை நிறுத்தி வேறொன்று எழுதினார். ஃபோனில் பார்த்து மட்டும் விடமுடியாது, கண்டிக்குப் போய் இரத்தமும் இதயமும் சோதித்துப் பார்க்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது, கூட ஒருவர் வரவேண்டும் என்றார்.

பிறகு, "வீட்ல யாரு இருக்காங்கம்மா" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு இவ்வளவு நாளும் எல்லாருக்கும் நான் ஒரே பதில்தான் சொல்லி வந்திருக்கிறேன், பரீதா பக்கத்தில் இருக்கிறாள் என்று. அன்றைக்கு என் வாயில் வேறொன்று வந்துவிட்டது. "மவன் ஈக்கார்" என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. "அது போதும். சாயங்காலத்துல அவர உங்க கால விரலால அழுத்திப் பாக்கச் சொல்லுங்க, குழி விழுந்தா எவ்வளவு நேரம் நிக்குதுன்னு அவர் பாத்து வைக்கட்டும். சோதனைக்கும் அவரே கூட்டிட்டுப் போகட்டும். அடுத்த மாசம் நானே வாறேன், அவரையும் பக்கத்துல உக்கார வைங்க, நான் அவரோட பேசணும்" என்றார். சரி என்றேன். அடுத்த மாதம் அவர் வருவார், வந்ததும் உன்னைத்தான் கேட்பார். பரீதாவை நான் என்று உட்கார வைத்தேன், யாரும் கேட்கவில்லை. உன் இடத்தில் உட்கார வைக்க என்னிடம் யாரும் இல்லை, மகன்.